ஈரம்: பாயிண்ட் ரெண்டு

பால்மா டின்னுக்குள் யாரோ ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டார்கள். தூள் முழுவதும் இறுகிப்போயிருந்தது. லேப் அறையின் யன்னலோரம் நின்று பிரதீஷ் அதைக் கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருந்தான். குத்திய இடத்தில் குழி விழுந்ததே தவிர மற்றது அசையவில்லை.

"டொலமைட்டுல ஈரம் பாக்கத் தெரியுது. பால்மாவுல பாக்கத் தெரியலையே, டொக்டர் அம்மா?"

"நான் போடல. ஒங்க ஆளுங்கதான் வந்து வந்து கலக்கிக் குடிக்கிறது. அஸ்ஹர் நானாவக் கேளுங்க."

"அவருக்கு நோன்பு. பாவம், அவரு தலையில போடாத."

நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. கலக்க நேரமில்லை என்று அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். கன்னம் ஒரு பக்கம் புடைக்க, சுவரில் ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளைக் கண்ணால் காட்டினான். நிரஞ்சனி எட்டி மேலே இருந்த சீட்டைப் பார்த்தாள். தேர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் அவளே எழுதிக் கையெழுத்திட்டது.

"பாயிண்ட் ரெண்டு."

"அப்ப ஓடும்," என்றான். "சைலோ ரெண்டு நாளா நெறஞ்சு கெடக்கு. கொழும்பு லொறிக்காரன் அஞ்சரைலருந்து ஹோன் அடிச்சே உசிர வாங்குறான்."

மீசையில் பால்மா ஒட்டியிருந்தது. சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். அந்த ஆலையில் முகத்தில் வெள்ளை ஒட்டாதவர் யார் இருக்கிறார்கள்? அவன் படியிறங்கிப் போனான். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு இருபது.

பல்லேபொலைக்குப் போகிற பாதையில், மலையைக் குடைந்து எடுத்த டொலமைட் கல்லை அரைக்கிற ஆலை அது. போன வருடம் வரை தென்னந்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் மண்ணில் போடத்தான் அரைத்தார்கள். அந்தத் தூள் மணல் மாதிரி. அதைச் சேர்த்து வைக்கிற உயரமான இரும்புத் தொட்டி, சைலோ, அதன் அடிக்கதவைத் திறந்தால் சரசரவென்று கொட்டும், யாரும் எதையும் தட்ட வேண்டியதில்லை. பிறகு பெயின்ட் செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி வேண்டும் என்றது. ஆலையில் புதிய சல்லடை போட்டார்கள். அன்றிலிருந்துதான் சைலோ அடைக்கத் தொடங்கியது.

அது ஏன் என்று நிரஞ்சனிக்கு ஓரளவு தெரியும். லேப் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த புத்தகத்தில் இருந்தது. மிச்சத்தைச் சல்லடையே காட்டிக்கொடுத்தது. கல்லாக இருக்கும்வரை ஒவ்வொன்றையும் அதனதன் பாரம் கீழே இழுக்கிறது. உடைக்க உடைக்கப் பாரம் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் பக்கத்துத் துகளைப் பிடித்துக்கொள்கிற இழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஓர் அளவுக்குக் கீழே போனதும் விழுவதைவிட ஒட்டிக்கொண்டு நிற்பதே அதற்குச் சுலபமாகிவிடுகிறது. அதில் ஒரு துளி ஈரமும் சேர்ந்துவிட்டால், இரண்டு துகளுக்கு நடுவே நீர் போய் உட்கார்ந்து பசை மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலே நிற்கிற தூளின் கனம் அதை இன்னும் அமுக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை சைலோ நிரப்பும்போதும் ஈரம் பார்த்துச் சீட்டு எழுதுவது. நூற்றுக்குப் பாயிண்ட் ஐந்துக்கு மேல் போனால் நிரப்பக் கூடாது.

ஈரம் பார்க்கிற தூளை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பிழை இருந்தது. சைலோவின் உச்சியில் அதற்கென்றே மூடி போட்ட ஒரு துவாரம் உண்டு. முன்பு லேப்பில் இருந்த மாணிக்கவாசகம் ஏணியில் ஏறி அங்கிருந்துதான் எடுப்பாராம். அவர் ஓய்வு பெற்று நிரஞ்சனி வந்த முதல் வாரம், ஏணியில் கால் வைத்தவளைப் பிரதீஷ் கூப்பிட்டான். அப்போது இருவருக்கும் கல்யாணமாகி நான்கு மாதம்.

"நீ ஏறாத. கீழ இருந்து அத்தன பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பானுங்க. மில்லு வாயில கரண்டிய நீட்டி எடு. அதே தூள்தானே மேல போவுது?"

அதே தூள்தான். அவளுக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. பொம்பளைகள் சைலோ ஏறுவதில்லை என்பது பிறகு ஆலையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. மனேஜர் சுந்தரலிங்கமும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் மாசியில் பெய்யக்கூடாத மழை மூன்று நாள் பெய்தது. கல் நனைந்தே வந்தது. முத்துமாரியம்மன் தேருக்கு ஆலையை இரண்டு நாள் மூடுவதாக இருந்ததால், திறக்கிற அன்றே லொறி ஏற்றலாமென்று சைலோவை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போனார்கள். அரைத்த தூள் வெளியே வருகிற மில் வாயில் நிரஞ்சனி கரண்டியை நீட்டி எடுத்தாள். கை சுடச் சுட இருந்தது தூள். தராசில் வைத்து, மின் அடுப்பில் ஒரு மணி நேரம் காய வைத்து, மறுபடி நிறுத்தாள். பாயிண்ட் இரண்டு. நிறுவையில் ஒரு தவறும் இல்லை.

தேர் முடிந்து திறந்த அன்று நடந்ததை அஸ்ஹர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அடிக்கதவைத் திறந்தார்கள், ஒன்றும் வரவில்லை. அஸ்ஹர் மரச் சுத்தியலை எடுத்துச் சைலோவின் கூம்பில் அடித்தார். பிரதீஷ் கம்பியோடு மேலே ஏறினான். இப்படி அடைக்கிறபோதெல்லாம் யாராவது ஒருவர் மேல்வழியாக இறங்கி, இறுகிய தூளின்மேல் நின்று கம்பியால் குத்திவிடுவது ஆறு மாதமாக நடப்பதுதான். எந்தக் கடுதாசியிலும் எழுதாத வேலை. கயிறு கட்டுவதற்குள் குத்திவிட்டே வந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் அது சிமெந்துத் தரை மாதிரி உறுதியாக இருக்கும். அடியில் தூள் கொஞ்சம் இறங்கிப்போய், நடுவில் வெறும் பொந்து இருப்பது தெரியாது.

கீழே திடீரென்று தூள் வந்தது. அஸ்ஹருக்குச் சந்தோஷம். "வந்திட்டு தம்பி, வந்திட்டு!" என்று மேலே பார்த்துக் கத்தினார். ஒவ்வொன்றாகப் பையை மாட்டினார். ஏழாவது பை பாதியில் நின்றது. அதன் பிறகுதான், மேலேயிருந்து பதில் எதுவும் வரவில்லையே என்று அவருக்குத் தோன்றியது.

சைலோவின் பக்கவாட்டை வெட்டித் திறக்க நாற்பது நிமிடமானது.

போன் அவனிடமிருந்து தள்ளி, தூளுக்குள் தனியாகக் கிடந்தது. அதிலிருந்துதான் அந்தக் கதை கிளம்பியது. போன் உள்ளே விழுந்துவிட்டது, அதை எடுக்கத்தான் இறங்கினான் என்று லொறிக்காரன் சொன்னானாம். கென்டீனில் சொன்னார்கள். பிறகு செத்த வீட்டுக்கு வந்தவர்களும் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்கள். அதை டோர்ச்சாகப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே இறங்குவது என்று அஸ்ஹர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

காத்தாயி மட்டும் அதைக் கேட்டு எதுவும் பேசவில்லை. பிரதீஷின் அம்மா, நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள், ஓய்வுக்குப் பிறகு இவர்களோடு இருக்கிறாள். அன்று காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு அவள் மகனுக்குப் போன் அடித்திருந்தாள். பிரஷர் குளிசையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்க. மணி அடித்து அடித்து நின்றுபோனது.

எட்டாம் நாள்தான் வாய் திறந்தாள்.

"நான் அடிக்காம இருந்திருந்தா அது கைய விட்டு நழுவியிருக்காது இல்ல?"

"அப்பிடியெல்லாம் இல்ல மாமி."

"நீ பாத்தியா?"

அன்றிலிருந்து காத்தாயி குளிசை போடுவதை நிறுத்திவிட்டாள். கொடுத்தால் வாங்கி, தண்ணீரும் குடித்து, பிறகு உள்ளங்கையிலிருந்து யன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறாள் என்பதை நிரஞ்சனி பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். வெளியே நின்ற மிளகுக் கொடியின் அடியில் மழையில் ஊறிய வெள்ளை வில்லைகள் கிடந்தன. கெஞ்சினாள், கோபப்பட்டாள், கிளினிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருநூறுக்கு மேல் காட்டியது. "போதும் தாயி, நான் எதுக்கு?" என்றாள் காத்தாயி. பிடிவாதமாகக்கூட இல்லை, பஸ்ஸில் இன்னொருவருக்கு இடம் விடுகிற குரலில் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் முடிந்து வேலைக்குப் போன அன்று சுந்தரலிங்கம் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. செத்த வீட்டில் மூன்று நாளும் கதிரை எடுத்துப் போட்டவர்.

"அடுத்த வெள்ளி தொழில் கந்தோர்லருந்து விசாரணைக்கு வர்றாங்க. நீ ஒண்ணும் பேச வேணாம். சீட்டு இருக்கு. ஈரம் பாயிண்ட் ரெண்டு. காஞ்ச தூள் அடைக்காது. அப்ப உள்ள எறங்கத் தேவையே இல்ல. அவன் ஏதோ சொந்தக் காரியமா எறங்கியிருக்கான். அவ்வளவுதான் எழுதுவாங்க."

"அடைச்சிருந்துச்சு சேர்."

"ஒன் கையெழுத்தும்மா அது," என்றார் மெதுவாக. "நீயே காஞ்சிருக்குன்னு எழுதிட்டு, நீயே அடைச்சிருந்துச்சுன்னா எப்பிடி?"

அன்று மத்தியானம் லேப்பில் தனியாக உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு உலையிலிருந்து இறக்கிய கையோடு, சூடாகவே லஞ்ச் ஷீட்டில் சுற்றிக் கட்டியது. பார்சல் என்ன வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில் சோறு செங்கல்லாக நின்றது. தாளின் உள்பக்கம் முழுக்க நீர்முத்துகள். வீட்டில் காத்தாயிக்குத் தட்டில் போட்டு வைத்த அதே சோறு இந்நேரம் பருக்கை பருக்கையாகக் காய்ந்திருக்கும். ஒரே பானைச் சோறு.

கை நின்றது.

மில் வாயில் கரண்டியை நீட்டியபோது அந்தத் தூளிலிருந்து எழுந்த ஆவி அவள் முகத்தில் பட்டதை நினைத்தாள். நனைந்த கல்லின் தண்ணீர் அது. அரைபடும் சூட்டில் ஆவியாகித் தூளோடு தூளாக வந்தது. திறந்த கரண்டியில் அது காற்றோடு போய்விட்டது. தராசுக்கு வந்தது காய்ந்த தூள். சைலோவுக்குள் போனதற்கு அந்த வழி இல்லை. ஆவியும் தூளும் சேர்ந்தே உள்ளே போய், இரண்டு இரவு குளிர்ந்து, தகட்டிலும் துகளுக்கு நடுவிலும் வேர்த்து இறங்கியிருக்கிறது. உச்சித் துவாரத்தில் எடுத்திருந்தால், ஆறிய பிறகு ஒரு தரம் திறந்து பார்த்திருந்தால், தெரிந்திருக்கும். மாணிக்கவாசகம் ஏன் அத்தனை படி ஏறினார் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பார்சலை மறுபடி சுற்றி வைத்தாள். சீட்டு சரியானது என்று சொன்னால் அவன் போனுக்காகச் செத்தவன் ஆவான். மாமி அந்த மணியைத் தானே அடித்ததாக நினைத்துக்கொண்டே போய்விடுவாள். சீட்டு பிழை என்று சொன்னால், அதில் இருப்பது தன் கையெழுத்து.

மறுநாள் அஸ்ஹரிடம் இரண்டு ஜேம் போத்தல்களைக் கொடுத்தாள்.

"நானா, இன்னிக்கும் கல்லு நனைஞ்சுதான் வந்திருக்கு. மில்லு வாயில ஒரு போத்தல நேரா வச்சு, ஒரு வெரல் எடம் விட்டு நெரப்பி, சூடா இருக்கவே இறுக்கி மூடிடுங்க. மத்ததுல கரண்டியால எடுத்து, தட்டுல பரப்பி ஆறவிட்டுப் போடுங்க."

"என்னத்துக்கு தங்கச்சி?"

அவள் சொன்னாள். அஸ்ஹர் போத்தலைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். ஐம்பது வயது மனிதர். சம்பவத்துக்குப் பிறகு சுத்தியலைத் தொடுவதில்லை, பையைத் தைக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார்.

"இது ஒங்கட கழுத்துக்கே வருமே."

"தெரியும்."

"நான் ஏழு பை நெரப்பின," என்றார் சம்பந்தமில்லாத மாதிரி. பிறகு போத்தல்களை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்த அதிகாரி நடுவயதுப் பெண். சிங்களத்தில் நிதானமாகப் பேசுகிறவர். மனேஜர் அறையில் நாலு பேர்: அவர், சுந்தரலிங்கம், அஸ்ஹர், நிரஞ்சனி. சுந்தரலிங்கம் சீட்டை நீட்டினார். அதிகாரி எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். மனைவி ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று வழக்கத்துக்காகக் கேட்டார்.

நிரஞ்சனி பொலித்தீன் பைக்குள்ளிருந்து இரண்டு போத்தல்களையும் எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டும் ஒரே நாளில், ஒரே வாயிலிருந்து, ஒரே நேரத்தில் எடுத்தவை என்றாள். ஆறவிட்டு மூடிய போத்தலை முதலில் கவிழ்த்தாள். தூள் சளேரென்று மூடிப்பக்கம் விழுந்து, கண்ணாடிக்குள் புகைந்து அடங்கியது. சூடாகவே மூடிய இரண்டாவதைக் கவிழ்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மூடிக்கு மேல் ஒரு விரற்கடை வெறும் இடம். அதன் மேல் தூள் அப்படியே நின்றது. சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அதிகாரி குனிந்து பார்த்தார். வேறு தூளா என்று கேட்டார். இல்லை, இதில் ஆவி வெளியே போகவில்லை, சைலோவிலும் போகவில்லை என்றாள் நிரஞ்சனி. சிங்களத்தில் அந்த வார்த்தைகளை ஒரு வாரமாகக் கோத்து வைத்திருந்தாள். ஆனாலும் ஒரு இடத்தில் தடுக்கியது. "நான் எழுதுன சீட்டு கரண்டிக்குச் சரி. சைலோவுக்குப் பிழை. உள்ள இப்பிடித்தான் நின்னுச்சு. அவர் இது மேலதான் நின்னாரு."

அஸ்ஹர் எழுந்தார். சிங்களத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். "மிஸ், மொதல்ல எடுத்த வாக்குமூலத்தில 'தட்டின, வந்தது'ண்டு எழுதி ஈக்கி. நான் அப்பிடித்தான் சொன்ன. ஆனா முழுக்கச் சொல்லல்ல. நோன்போட நாப்பது அடி அடிச்ச. ஒரு பிடி வரல்ல. அல்லாஹ்வுக்காகச் சொல்லுற, அவன் எறங்கின பொறகுதான் வந்தது. நாங்க எல்லாரும் எறங்கி ஈக்கிறம். நானும் எறங்கி ஈக்கிறன். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் என்றபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. சுந்தரலிங்கம்தான் தலையைக் குனிந்தார்.

அப்படியானால் நீங்கள் உங்கள் சீட்டு பிழை என்று எழுதித் தருகிறீர்களா என்று அதிகாரி நிரஞ்சனியிடம் கேட்டார். அதனால் என்னென்ன வரலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்தாள். சீட்டில் போடுகிற அதே கையெழுத்துதான். போகும்போது அதிகாரி இரண்டாவது போத்தலைத் தன்னோடு எடுத்துக்கொண்டார், குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும், கவிழ்ந்தபடியே. அன்று மாலை சுந்தரலிங்கம் நிரஞ்சனியிடம் லேப் சாவியைக் கேட்டு வாங்கினார். அறிக்கை வரும்வரைக்கும் என்றார்.

வீட்டில் காத்தாயி முற்றத்தில் காயப்போட்ட கொறக்காப் புளியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிரஞ்சனி எதிரே குந்தினாள்.

"மாமி, போன் விழல. அது டோர்ச்சுக்குக் கையில புடிச்சிருந்தது. சைலோ அடைச்சிருந்துச்சு. அதத் தொறக்கத்தான் எறங்குனாரு. நான் ஈரம் பாத்தது பிழ. காஞ்சிருக்குன்னு எழுதிட்டேன். இன்னிக்கு ஒப்புக்கிட்டேன்."

காத்தாயியின் கை கூடைக்குள் நின்றது.

"வேலையாதான் எறங்குனானா?"

"வேலையாதான்."

அடுத்த வீட்டுச் சேவல் இரண்டு தரம் கூவியது. பிறகு காத்தாயி தலையை நிமிர்த்தாள். அந்தக் கண்ணில் நிரஞ்சனி ஆறுதலைத் தேடவில்லை. அங்கே அது இருக்கவுமில்லை.

"பிழன்னா என்னா பிழ?"

"தூள சைலோ உச்சியில எடுக்கணும். நான் கீழ எடுத்தேன்."

"ஏன், ஏறுறதுக்கு என்னா? மலைல நாங்க ஏறாத ஏத்தமா? யாரு ஒன்னய ஏறக்கூடாதுன்னா?"

ஏணியில் வைத்த கால். பின்னாலிருந்து கூப்பிட்ட குரல். நாலு மாதப் புதுப் பெண்ணின் நிம்மதி. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"ஒருத்தரும் சொல்லல மாமி," என்றாள். "நானாதான் ஏறல."

காத்தாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குசினியில் குளிசை வைத்த அலுமாரி திறக்கிற சத்தமும், செம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தமும் கேட்டன. நிரஞ்சனி யன்னல் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, வாக்குமூலத்தின் ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று மாத்தளைத் தொழில் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. காத்தாயி கேட்காமலே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். இருவரும் பத்து மணி பஸ்ஸில் போனார்கள். வழியில் நிரஞ்சனி போத்தல் விஷயத்தையும் சொன்னாள். அதிகாரி இல்லை, கண்டிக்குப் போயிருந்தார். எழுதுவினைஞர் கடுதாசியை எடுத்துக் கொடுத்தார். அறிக்கை எப்போது வரும் என்று நிரஞ்சனி கேட்டாள். மேலே போயிருக்கிறது, தெரியாது என்றார்.

கையெழுத்திட்டு நிமிர்ந்தபோது காத்தாயி இரும்பு அலுமாரியின் முன்னால் நின்றிருந்தாள். அதன் மேல், கோப்புக் கட்டுகளுக்கு நடுவில், அந்தப் போத்தல் தலைகீழாக இருந்தது.

"இதுவா?"

"இதுதான் மாமி."

அதைத் தொட வேண்டாமென்று மிஸ் சொல்லியிருக்கிறார் என்றார் எழுதுவினைஞர். காத்தாயி தொடவில்லை. கால் பெருவிரலில் எம்பி, முகத்தை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய், உள்ளே பார்த்தாள். அந்த நேரம் தம்புள்ளை பஸ் ஒன்று கந்தோரை ஒட்டிப் போனது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அலுமாரிக் கதவு கடகடத்தது. கோப்பிலிருந்து ஒரு தாள் நழுவிக் கீழே விழுந்தது. பஸ் போய், அதிர்வும் அடங்கியது. மூடிக்கு மேல் ஒரு விரற்கடை வெறும் இடம் இருந்தது. அதன் மேல் தூள் நின்றது.